அரங்குக்குள் நாலு பேர்

1

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதில் ஒரு பொய் இருந்தாலும் அந்தக் கோபுரம் சரியட்டும். இன்று காலை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், நிற்கிறது. ஆகவே இதுவரை எழுதியதில் பிழை இல்லை என்று ஆகிறது. (இதுவரை எழுதியது மூன்று வரி.)

கதை எனக்குக் கிடைத்த விதத்தை மறைக்க விரும்பவில்லை. திருடியது. தொண்ணூற்றொன்பதாம் வருசம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஏணி இரவல் கேட்டு, ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் தவசிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். அவன் ஏணியை எடுக்கக் கொல்லைக்குப் போன நேரத்தில் அரங்கின் பக்கத்துச் சுவரில் ஒரு தாளைப் பார்த்தேன். (அரங்கு என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டின் உள்ளறை. ஜன்னல் இருக்காது. அரிசிப் பானை, பித்தளைப் பாத்திரம், யாருக்கும் காட்டக்கூடாத சாமான் எல்லாம் அங்கேதான்.) தறிக்குப் போடும் கஞ்சியால் ஒட்டியிருந்தார்கள், பிய்க்க முடியாது. அதனால் நின்றபடியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

குண்டு விழுந்தால் வீட்டார் செய்ய வேண்டியவை.
ஒன்று: நேரம் தப்பிச் சங்கு ஊதினால் அரங்குக்குள் போகவும்.
இரண்டு: உள்ளே போனபின் பேசக்கூடாது. மூச்சு வீண்.
மூன்று: துணி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளவும்.
நான்கு: வெளியே யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது.

அதற்குக் கீழே 'உள்ளே போவோர்' என்று கோடிட்டு நான்கு பெயர்கள். நான்காவது பெயருக்குக் கீழே 5 என்று எண் போட்டு, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தது. அந்த வெற்றிடத்தில் சின்னதாக ஒரு கறை.

அந்த ஐந்தாம் எண்ணுக்காகத்தான் இந்தக் கதை. மீதி விவரங்களை அவன் மனைவி பரிபூரணம் சொன்னாள். அவள் சொல்லாததை நான் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் உண்மைதான், ஆணையிட்டிருக்கிறேனே.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"1998-ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் தேதி பிற்பகலில், பாலைவனத்தில் பூமி குலுங்கியபோது, தவசிமுத்து—"

விட்டுவிட்டேன். பூமி குலுங்கியது ராஜஸ்தானத்தில். ராஜபாளையத்தில் அன்றைக்கு ஒன்றும் குலுங்கவில்லை, பால்காரரின் சைக்கிள் கேன்களைத் தவிர.

இரண்டாவது: "தவசிமுத்து ஒரு கோழை."

எழுதிவிட்டு ஒரு பகல் முழுக்க அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற தறிக்குள் கைவிட்டு அறுந்த இழையைப் பிடிக்கிறவனைக் கோழை என்று எழுதலாமா? அவன் பயந்தவன், கோழை இல்லை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை. கதை முடிவதற்குள் தெரிந்தால் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை அடிக்காமல், கீழே கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்றாவது: "தவசிமுத்துவுக்கு எண்ணுவதுதான் தொழில்."

இது நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு சின்ன யூனிட்டில் அவன் மேஸ்திரி. துணிமேல் பூதக்கண்ணாடியை வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவான். ஒன்று குறைந்தாலும் அந்தச் சுருளை ஒதுக்கிவிடுவான். இருபது வருசமாக எண்ணி எண்ணி, சும்மா இருக்கும்போதும் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பான். பரிபூரணம் தூங்கும்போது விடும் மூச்சு நிமிசத்துக்குப் பதினாலு என்று அவனுக்குத் தெரியும். எந்த மனைவிக்கும் கேட்க இனிமையாக இருக்கும் செய்திதான். எதற்கு எண்ணினான் என்று தெரிகிறவரைக்கும்.

3

நம் நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்த மறுநாள் தெருமுனையில் மிட்டாய் கொடுத்தார்கள். தவசிமுத்துவும் வாங்கி வாயில் போட்டான். பாதி கரைந்தபோதுதான் ஒரு யோசனை வந்தது: நம்மிடம் இருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவனிடமும் இருக்குமே. மீதி மிட்டாயை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே வேலைக்குப் போனான்.

டீக்கடையில் சமுத்திரம் இருந்தான். அதே யூனிட்டில் சுருள் சுற்றுகிறவன். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தாலும் செய்தி சொல்லக்கூடியவன்.

"ஏலே தவசி, மொதக் குண்டு எங்க விழும்னு நெனைக்க?"

"டெல்லியில."

"போலே. டெல்லியில போட்டா அடிபட்டவனுக்குக் கட்டுப்போட துணி எங்கேருந்து போகும்?"

தவசிமுத்து டம்ளரைக் கீழே வைத்தான். "இங்கேருந்து."

"அப்ப வெவரமானவன் மொதல்ல எத நிறுத்துவான்? கட்டுத்துணிய. துணி இல்லேன்னா யுத்தம் முடிஞ்சுதுல்லா? நானா இருந்தா மொதக் குண்ட நம்மூருலதாம்லே போடுவேன்."

"நீ போட மாட்டலே. ஒம் மாமியா வீடு இங்கனதான இருக்கு."

சமுத்திரம் பேப்பரை மடித்து வைத்தான். "ஆமா, அதயும் பாக்கணும்" என்றான். "பாத்துட்டுப் போடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தவசிமுத்து சிரிக்கவில்லை. உலகப் படத்தில் ராஜபாளையம் ஒரு புள்ளியாகக்கூட இல்லை என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் கையால் இழை எண்ணி அனுப்பும் துணி, தேசத்துக்கு முக்கியம் இல்லை என்று நினைக்க அவனால் முடியவில்லை. இருபது வருச உழைப்பு. குண்டு போட லாயக்கு இல்லாத ஊர் என்று சொன்னால் யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது?

4

தயார் செய்யும் முறை அவனுக்குக் கடலைக்காரரிடம் கிடைத்தது. வறுத்த கடலை மடித்துக் கொடுத்த தாளில், பழைய சர்க்கார் புத்தகம் ஒன்றின் பதினோராம் பக்கம். குண்டு வெடித்தபின் காற்றில் வரும் விஷத் தூசி, அதிலிருந்து வீட்டாரைக் காப்பது எப்படி. ஜன்னல் இல்லாத உள்ளறை, மூடிய தண்ணீர், ஈரத் துணித் திரை எல்லாம் அதில் இருந்தது. மறுநாளும் கடலை வாங்கினான். பன்னிரண்டாம் பக்கம். இப்படிப் பதினான்காம் பக்கம் வரை சேர்த்துவிட்டான். பதினான்காம் பக்கத்தின் கடைசி வரி இது: "அறையை விட்டு எப்போது வெளியே வரலாம் என்றால்,"

பதினைந்தாம் பக்கம் கிடைக்கவே இல்லை. அதற்காகப் பதினோரு நாள் கடலை தின்றான். பித்தம் ஏறியதுதான் மிச்சம். கடைசியில் கடலைக்காரர் சொன்னார்: "பதினஞ்சா? அது தளவாய்புரத்துக்காரர் ஒருத்தரு கால் கிலோவுக்கு மடிச்சு வாங்கிட்டுப் போயிட்டாரே."

ஆகவே அந்தக் குடும்பத்துக்கு உள்ளே போகத் தெரியும். வெளியே வரத் தெரியாது. (இந்த இடத்தில் எனக்கும் அதே நிலைமைதான்.)

திரைக்குத் துணி கிடைப்பது பிரச்சினை இல்லை. ஒதுக்கிய சுருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.*

* வாசகர் கேட்கலாம்: பேண்டேஜ் துணி என்பது பாதி நூல், பாதி ஓட்டை, காற்றுப் போய்வருவதற்காகவே அப்படி நெய்கிறார்கள், அது எப்படித் தூசியை நிறுத்தும்? தவசிமுத்துவைவிட இதை நன்றாக அறிந்தவர் ஊரிலேயே இல்லை. ஆனாலும் கஷ்டகாலத்தில் மனுசன் தான் செய்கிற சாமானைத்தான் நம்புவான். பானை செய்கிறவராக இருந்தால் பானைக்குள் உட்கார்ந்திருப்பார்.

எத்தனை மடிப்பு போட வேண்டும் என்று தாளில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க அவன் ஒரு முறை வைத்தான். அரங்கு வாசலில் துணியைக் கட்டி, பிள்ளைகள் இரண்டு பேரோடு உள்ளே உட்கார்ந்துகொள்வான். வெளியே பரிபூரணம் வறுத்த மிளகாய் வற்றலை உரலில் இடிக்க வேண்டும். உள்ளே யாராவது தும்மினால் இன்னொரு மடிப்பு.

"அணுகுண்டுக்கும் மொளகாப்பொடிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ரெண்டும் தூசிதாம்ட்டி. தாளு சொல்லுது."

"அப்ப எதுக்கு அம்புட்டு செலவழிச்சுக் குண்டு செய்தாங்க? நாலு மூடை வத்தல வாங்கி எறிஞ்சிருக்கலாம்லா?"

"இடிட்டி."

ஒரு மடிப்பில் மூன்று பேரும் தும்மினார்கள். எட்டு மடிப்பில், பன்னிரண்டு வயது மகள் செல்லத்தாய் பதினோரு தரம். பன்னிரண்டு மடிப்பில், ஒன்பது வயது மகன் சோலைராஜ் ஒரே ஒரு தரம். அதுவும் பொய்த் தும்மல் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டான். பதினாறாவது மடிப்பில் உள்ளே சத்தமில்லை. வெளியே இடித்த பரிபூரணம் மூன்று நாள் தும்மினாள். பக்கத்து வீட்டு நாய் தும்மியது. பால்காரரின் பசுவும் தும்மியதால் மறுநாள் அவர் ஊற்றிய பால் பாத்திரத்தில் விழும்போதே தயிராக இருந்தது. (இதற்குச் சாட்சி உண்டு. நான் குடித்தேன்.)

பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். 'கெடாத உணவு இரண்டு நாளைக்கு' என்று பன்னிரண்டாம் பக்கம் சொன்னதை அவள் தன் ஊர் முறைப்படி புரிந்துகொண்டு, இரண்டு கிலோ பால்கோவா வாங்கி அரங்கில் வைத்தாள். உள்ளே போனபிறகுதான் அதைத் தொடலாம் என்று கட்டளை. அதனால் பிள்ளைகளுக்குச் சங்கு ஒத்திகை மிகவும் பிடித்துப்போனது. தவசிமுத்து வாயாலேயே சங்கு ஊதுவான். அவர்கள் பறந்து உள்ளே போவார்கள். இரண்டு வாரத்தில் ஒன்பது ஒத்திகை. குண்டு விழாமலே, வாங்க வாங்க ஐந்து கிலோ காலி.

சங்கைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கடிகாரம் கையில் கட்டியிருப்பதெல்லாம் அழகுக்குத்தான். மில் சங்கு ஊதினால் எழுவோம், ஊதினால் உண்போம். தன் நேரத்தை விட்டுச் சங்கு ஊதுவது சூரியன் தப்பி உதிப்பது போல. ஆபத்து வந்தால் சர்க்கார் சங்கு ஊதித்தான் சொல்லும் என்று பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எந்தச் சங்கு என்று தவசிமுத்துவுக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரில் இருப்பது அது ஒன்றுதானே.

5

பெயர் எழுதிய அன்று பரிபூரணம் கேட்டாள்.

"அஞ்சுன்னு போட்டுட்டுச் சும்மா வுட்டுருக்கீங்க?"

"கணக்குக்கு."

"என்ன கணக்கு?"

"நாலு பேருன்னா பத்தொம்போது மணி நேரம் காத்து இருக்கும். அஞ்சுன்னா பதினஞ்சு. எழுதிப் பாத்தேன்."

"பேர எழுத வேண்டியதுதான? அழகுத்தாய். எம்புட்டு நேரம் ஆகும்? குண்டு வந்து சேருறதுக்குள்ள எழுதிரலாம்."

"ஒன் வேலையப் பாருட்டி."

"பத்து வருசங் கழிச்சு ஒரு பொம்பளப்பிள்ள பெத்துருக்கா. பதினோரு மாசம் ஆச்சு. மாமன்காரன் போயி எட்டிப் பாத்தீங்களா? இந்தா இருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரு. குண்டு அங்க மட்டும் விழாதோ?"

 அந்த யோசனை அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. குண்டின் தூசி எவ்வளவு தூரம் போகும் என்று பதினோராம் பக்கத்தில் இருந்ததைப் படித்ததும் அவன் அளந்து பார்த்த முதல் தூரம் அதுதான். பன்னிரண்டு கிலோமீட்டர்.

அழகுத்தாய் அவனுடைய ஒரே தங்கை. சண்டைக்குக் காரணம் என்ன என்று எழுதுவதில் சிரமப்பட்டேன். முதல் படியில் கிணற்றுப் பாத்தியம் என்று எழுதினேன். அடுத்ததில் தேவதானத்துப் பக்கம் ஒரு வயல். இரண்டும் கௌரவமான காரணங்கள். ஆனால் ஆணையிட்டிருக்கிறேனே. எண்பத்தேழில் அவள் கல்யாணம் முடிந்து புருசன் வீட்டுக்குப் போகும்போது, அப்பா தன் கையால் செய்த ஒரு மரச்சாமானை எனக்கு வேண்டும் என்றாள். இவன் தர முடியாது என்றான். இவன் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வண்டியில் ஏற்றிவிட்டாள். இவன் தெருவில் வந்து மறித்தான்.

"இனி இந்த வீட்டுப் பக்கம் வந்துராத."

"நீயா வாயத் தொறந்து வான்னு கூப்பிடாம வர மாட்டேன். வந்தாலும் கை நனைக்க மாட்டேன்."

கை நனைப்பதில்லை என்றால் ஒரு வாய்ச் சோறும் உண்பதில்லை என்று பொருள். எங்கள் பக்கத்தில் கோர்ட்டுத் தீர்ப்பைக்கூட மேல்கோர்ட்டு மாற்றலாம். இதை மாற்ற மேல்கோர்ட்டு கிடையாது.

என்ன மரச்சாமான் என்று கேட்காதீர்கள். கட்டிலோ பெட்டியோ, பதினோரு வருசம் பேசாமல் இருக்க எந்த மரமும் போதும்.

6

மே மாதம் முப்பத்தோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் வெடித்துவிட்டார்கள். சனிக்கிழமை இன்னொன்று. தவசிமுத்து இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிற்பகல் நான்கு பத்துக்குச் சங்கு ஊதியது.

(வாசகரிடம் மறைப்பது அழகல்ல. மில்லில் பழைய சங்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக மின்சாரச் சங்கு மாட்டியிருந்தார்கள். ஞாயிறு விடுமுறை ஆதலால் ஓட்டிப் பார்த்தார்கள். எலெக்ட்ரீசியன் பொத்தானை அழுத்தினார், அது ஊதியது, நிறுத்தப் பார்த்தார், அது நிற்கவில்லை. அவ்வளவுதான். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அரங்குக்குள் இருப்பவர்களிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.)

மொட்டைமாடியில் இருந்த தவசிமுத்து படிகளை எண்ணாமல் இறங்கினான். வாழ்நாளில் அது ஒரு தரம்தான். பிள்ளைகள் முன்பே உள்ளே போய்ப் பால்கோவாவைத் திறந்திருந்தார்கள். பரிபூரணம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். குடத்து நீரை வாரித் திரையில் அடித்தான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போட்டான். நாலு பேர்.

(கதவு இரட்டைக் கதவா, ஒற்றையா? தாழ்ப்பாள் இரும்பா, மரமா? இதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. திரை வெளிப்பக்கம், கதவு உள்பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கதைக்கு ஒரு கதவு அவசியம்.)

அரையிருட்டில் அவன் மூச்சை எண்ணத் தொடங்கினான். சங்கு நிற்கவில்லை. வாயால் ஊதிய ஒன்பது ஒத்திகையிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது.  சோலைராஜ் பால்கோவாவை வாயில் வைத்தபடி மெல்லாமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது தெருவாசலில் ஒரு குரல்.

"மதினி! வீட்டத் தொறந்து போட்டுட்டு எங்க போனிய?"

பரிபூரணத்தின் மூச்சு நின்றது. தவசிமுத்து பதினாலோடு எண்ணிக்கையை விட்டான்.

"மதினி, நாந்தான். சங்கு என்னத்துக்கு இப்பிடி ஊதுது? பிள்ள பயந்து துடிக்கா. செத்த நேரம் உள்ள வாரேன், கோவிச்சுக்கிடாதிய."

காலடிகள். கைக்குழந்தையின் அழுகை. அது வீட்டுக்குள் வந்து, முன்னறையைக் கடந்து, அரங்குக்கு எதிரே வந்து நின்றது. கீழே வெளிச்சக் கோட்டில் இரண்டு கால்களின் நிழல்.

சோலைராஜ் கிசுகிசுத்தான். "யாருப்பா அது?"

"ஏலே, அத்தை" என்றாள் செல்லத்தாய். "போட்டோவுல இருக்காகள்ல."

தவசிமுத்து விரல் இரண்டைக் காட்டினான். விதி இரண்டு: பேசக்கூடாது.

வெளியே அழகுத்தாய் திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "பேண்டேஜ் துணியா கட்டி வச்சிருக்கிய?" என்றாள். "யாருக்கு என்ன காயம்?"

உள்ளே சோலைராஜ் வாயில் இருந்ததை விழுங்கினான்.

"உள்ளதான் இருக்கிய. பால்கோவா வாசம் வருது. எங்கூருச் சரக்கு, எனக்குத் தெரியாதா?" அவள் குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். "அண்ணே, சண்டைக்கு வரல. பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்கோம், ஆனி மாசம், நம்ம குலதெய்வங்கோயில்ல. தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். எனக்கு நீ ஒருத்தன்தான் கூடப்பொறந்தவன், வேற எங்க போவேன்? நீ எனக்கு வேண்டாம். ஒம் மடி வேணும். மடியக் குடுத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காரு. நான் கேக்கல."

பரிபூரணம் அவன் காதருகே வந்தாள். "கூப்பிடுங்க."

அவன் நான்கு விரலைக் காட்டினான். விதி நான்கு.

"நாலுமில்ல அஞ்சுமில்ல. கூப்பிடுங்க. வெளிய என்ன தூசி வருதோ. கைக்குழந்த அர ஆளு. காத்து காணாட்டா எம் மூச்ச எடுத்துக்கிடட்டும்."

தவசிமுத்து வாயைத் திறந்தான். அவனுக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. தூசி வருகிறது என்றால் அந்தக் குழந்தையை வெளியே நிறுத்தி வைப்பது கொலை. தூசி வரவில்லை என்றால் அவன் இருட்டில் ஒளிந்து உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் 'வா' என்று ஒரு எழுத்துச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் பதினோரு வருசமாக அந்த ஒரு எழுத்தைச் சொல்லாமலே பழகிய நாக்கு. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கியதைப் போல அதையும் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெளியே அழுகை நின்றது. குழந்தை துணியைப் பிடித்து இழுத்து விளையாடத் தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் துணியில் இரண்டு வார மிளகாய் ஏறியிருந்தது.

குழந்தை தும்மியது.

தவசிமுத்துவின் தொழில் புத்தி எண்ணியது: ஒன்று.

7

இந்த இடத்தில் நான் நாலு மாதம் நின்றேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: கதவைத் திறக்கிறான். தங்கை அழுகிறாள், அண்ணன் அழுகிறான், குழந்தை சிரிக்கிறது, சங்கு நிற்கிறது. என் மனைவி பிச்சையம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சங்கு சொல்லி வச்ச மாதிரி அப்ப நின்னுச்சாக்கும்?"

"ஆமா."

"சினிமாக் கொட்டாயில வெளக்கப் போட்டுட்டான்னு எல்லாரும் எந்திரிச்சுப் போவாக, அந்த மாதிரி இருக்கு. பதினோரு வருசம் பேசாதவுக எடுத்த எடுப்புல அழ மாட்டாக. நானும் எங்கக்காவும் ஆறு வருசம் பேசாம இருந்துட்டு, மொதல்ல பேசுனது என்ன தெரியுமா? 'அந்தத் தோசக்கரண்டி யாருது?'"

கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: அவன் வாயே திறக்கவில்லை. அழகுத்தாய் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தெருவாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்து—

இதை முடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தவளை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் இன்னும் அந்த வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். பாவம், கால் வலிக்கும்.

மூன்றாவது முடிவு: குண்டு நிஜமாகவே விழுகிறது. சமுத்திரத்தின் மாமியார் வீட்டின்மேல். எழுதும்போது உற்சாகமாக இருந்தது; இரண்டு பக்கம் நிற்காமல் வந்தது. அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ராஜபாளையம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் ஞாபகம் வந்தது. அடித்துவிட்டேன்.

இன்னொரு வழியும் பார்த்தேன். சுவரில் ஐந்தாம் எண்ணுக்கு எதிரே இருந்த கறையைச் சொன்னேன் அல்லவா? அது சந்தனமாக இருந்தால் காதுகுத்து நடந்திருக்கிறது; யாரோ ஒரு சின்னக் கை அங்கே பட்டிருக்கிறது. பால்கோவாவாக இருந்தால் அது சோலைராஜ். கதையின் முடிவு முழுவதும் அந்தக் கறையில் இருந்தது. ஏணி கேட்கப் போன அன்றே கிட்டே போய் முகர்ந்து பார்த்திருந்தேன்.

அன்றைக்கு எனக்குச் சளி.

பரிபூரணத்திடமும் அன்றே நேராகக் கேட்டிருந்தேன். "பொறவு என்ன ஆச்சும்மா?" அவள் கொல்லையைப் பார்த்தாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு தவசிமுத்து வந்துகொண்டிருந்தான். "ஏணிய சீக்கிரம் கொண்டாந்துருங்க அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

8

ஆகவே பதினைந்தாம் பக்கம் என்னிடமும் இல்லை. தளவாய்புரத்துக்காரர் யாராவது இதைப் படித்தால் வீட்டில் தேடிப் பார்க்கவும்.

அதுவரை அவர்கள் அப்படியே இருக்கிறார்கள். சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது. நாலு பேர் உள்ளே. ஒன்றரைப் பேர் வெளியே. குழந்தை இரண்டாம் தரம் தும்மியது. தவசிமுத்துவுக்குத் தும்மலின் கணக்குத் தெரியும்: உள்ளே தும்மினால் துணி போதவில்லை என்று அர்த்தம், இன்னொரு மடிப்பு போட வேண்டும். வெளியே தும்மினால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் யோசித்ததே இல்லை. தாளிலும் இல்லை.

"அண்ணே" என்றாள் அழகுத்தாய். இந்தத் தடவை குரலில் சண்டை இல்லை. "பிள்ளைக்கு மூக்கெல்லாம் எரியுதுண்ணே. கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீர். கை நனைக்க மாட்டேன் என்றவள் கேட்கிறாள்.

அவன் குடத்தை எடுத்துவிட்டான். இதுவரைக்கும் பரிபூரணம் சொன்னாள், இதில் சந்தேகமில்லை. குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். மூன்றாம் தும்மல் வந்தது. இனி அவன் வாய் திறக்க வேண்டும், கதவும் திறக்க வேண்டும். கோழை என்று கோடு போட்டு வைத்த வாக்கியத்தை அடிப்பதா வைப்பதா என்பதும் அதில்தான் இருக்கிறது. பென்சிலை உங்களிடம் தருகிறேன். நீங்களும் ஒரு வீட்டில் இருக்கிறீர்கள். உங்கள் தாளிலும் ஐந்தாம் எண் ஒன்று இருக்கும். உங்கள் வழக்கப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு விவரம் மட்டும் விட்டுப்போயிற்று; வெள்ளையடித்து முடித்து ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பார்த்தேன்.

அந்த அரங்குக்குக் கதவே கிடையாது. எண்பத்தேழில் அழகுத்தாய் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மரச்சாமான் அதுதான்.